கலைந்த விளிம்பு

குஜராத்தில் காந்திநகருக்கு அருகே, சபர்மதி ஆற்றங்கரையை ஒட்டி பட் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்குள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989ஆம் ஆண்டு ‘ஆதித்யா’ இயங்கத் தொடங்கியது. இந்தியாவிலேயே வடிவமைத்து இந்தியாவிலேயே கட்டிய முதலாவது டோக்கமாக் அது. உள்ளீடற்ற உலோக வளையம். வளையத்தின் ஆரை 75 சென்ரிமீற்றர், உள்ளே பிளாஸ்மா நிற்கும் குழாயின் ஆரை 25 சென்ரிமீற்றர். ஒரு முறை இயக்கினால் பிளாஸ்மா ஏறத்தாழ 100 மில்லிசெக்கன் உயிரோடிருக்கும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்தக் குறுகிய நேரத்தில் வெளிவரும் ஒளியைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், சிவப்பு நிறப் பகுதியில் 650.024 நானோமீற்றர் அலைநீளத்தில் ஒரு கோட்டைப் பின்தொடர்ந்தார்கள். நான்கு இலத்திரன்களை இழந்த ஒட்சிசன் அயன் உமிழும் கோடு அது. பிளாஸ்மாவின் குறுக்கே பல பார்வைக்கோடுகளில் அதன் பிரகாசத்தை அளந்து, ஒட்சிசன் எங்கே நிற்கிறது, உள்ளே எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்று கணித்து 2013இல் வெளியிட்டார்கள்.

ஆதித்யாவுக்குள் யாரும் ஒட்சிசனைச் செலுத்தவில்லை. செலுத்தியது ஐதரசன் வாயு மட்டும். உலோகச் சுவரில் ஒட்டியிருந்த நீராவியும் ஒட்சைட்டுப் படலமும் பிளாஸ்மாவின் சூடு பட்டுப் பெயர்ந்து, உடைந்து, அயன்களாகி உள்ளே புகுந்துவிட்டன. இயக்குவதற்கு முன் ஐதரசன் மின்னிறக்கத்தால் சுவரைக் கழுவுவதும், சுவருக்கு லிதியம் பூசுவதும் அங்கே வழக்கமாக நடந்தவை. அப்படியும் ஒட்சிசன் வந்தது. காபன் வந்தது. எந்த நாட்டு இயந்திரத்தை எடுத்தாலும் இதுதான் கதை. பிளாஸ்மாவைச் சுற்றிச் சுவர் இருக்கும்வரை சுவரின் துகள் பிளாஸ்மாவுக்குள் வரும்.

வந்தால் என்ன? ஆதித்யா போன்ற சிறிய கருவியில் அது தொல்லை. மின்சாரம் தரவேண்டிய உலையில் அது மரணம். தியூத்தீரியமும் திரித்தியமும் இணைந்து சக்தி தரவேண்டுமானால் பிளாஸ்மா ஏறத்தாழ 150 மில்லியன் பாகை செல்சியஸில் நிற்கவேண்டும். அந்தச் சூட்டில் ஐதரசன் இனத்து அணு தன் ஒற்றை இலத்திரனை இழந்து வெறும் கருவாகிவிடும். அதற்குப் பிறகு அது அதிகம் ஒளிர்வதில்லை; ஒளிரவேண்டுமானால் பிணைப்பில் ஓர் இலத்திரனாவது மிச்சமிருக்க வேண்டும். பாரமான அணுக்களின் நிலை வேறு. தங்குதனுக்கு 74 இலத்திரன்கள். எரியும் பிளாஸ்மாவின் நடுவில்கூட அதன் இலத்திரன்கள் முழுவதும் கழன்றுபோவதில்லை. எஞ்சியவை மோதி மோதிக் கிளர்ந்து, ஒவ்வொரு முறையும் ஊதாக்கடந்த ஒளியாகவும் எக்ஸ் கதிராகவும் சக்தியை வெளியே வீசுகின்றன. காந்தப்புலம் எவ்வளவு வலிமையாக இருந்தாலும் ஒளியைத் தடுக்காது. பிளாஸ்மாவில் பத்தாயிரம் துகள்களுக்கு ஒன்றிரண்டு தங்குதன் அணுக்கள் சேர்ந்தாலே போதும், நெருப்பு தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலைக்கு வந்துவிடும். இலேசான காபனையோ ஒட்சிசனையோ நூற்றுக்கு ஒன்றிரண்டு அளவுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். அப்போதும் அவை எரிபொருள் இருக்கவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

இதை முதலில் கடுமையாகப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வகத்தார். 1975இன் கடைசியில் அங்கே இயங்கத் தொடங்கிய பெரிய டோக்கமாக்கில், பிளாஸ்மாவின் ஓரத்தைத் தடுத்து நிறுத்தும் லிமிட்டரைத் தங்குதனால் செய்திருந்தார்கள். உலோகங்களில் உருகுநிலை மிக உயர்ந்தது அதுதானே, அதுவே பாதுகாப்பு என்பது நியாயமான கணக்கு. ஆனால் வெப்பநிலையை அளந்தபோது பிளாஸ்மாவின் நடுப்பகுதி அதைச் சுற்றியுள்ள பகுதியை விடக் குளிர்ந்திருந்தது. எங்கே மிகச் சூடாக இருக்கவேண்டுமோ அங்கே பள்ளம். லிமிட்டரிலிருந்து பெயர்ந்த தங்குதன் மையத்தில் போய்க் குவிந்து, இட்ட சூட்டையெல்லாம் கதிராக வீசிக்கொண்டிருந்தது. தங்குதனை எடுத்துவிட்டு, காபனின் ஒரு வடிவமான காரீயத்தை (கிராபைட்டை) வைத்தார்கள். 1978இல் அதே இயந்திரம் ஏறத்தாழ 60 மில்லியன் பாகையை எட்டியது.

அதன்பின் நீண்டகாலம் காரீயம்தான் இணைவு இயந்திரங்களின் சுவர். நம் இலங்கைத் தீவின் போகலைச் சுரங்கத்தில் வெட்டுகிறார்களே, அதே இனம். இது ஆலையில் செய்தது. ஆனால் காரீயத்திடம் ஒரு குணம் இருக்கிறது: திரித்தியத்தை உறிஞ்சித் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். திரித்தியம் கதிரியக்கமுள்ளது, கிடைப்பதற்கு அரியது. அதைச் சுவரிடம் இழந்துகொண்டு உலை நடத்த முடியாது. ஆகவே உலகம் மறுபடியும் தங்குதனுக்கே திரும்பியிருக்கிறது. பிரான்சின் தெற்கே எழுந்துகொண்டிருக்கும் ஈட்டர் இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில் வெப்பத்தை ஏற்கும் 54 டைவர்ட்டர் தொகுதிகளுக்கும் தங்குதன் முகம். 2024இல் வெளியான புதிய திட்டத்தின்படி, பெரிலியத்தால் ஆகவிருந்த பிரதான சுவரும் தங்குதனுக்கு மாறுகிறது. இந்த இயந்திரத்தில் இந்தியாவும் 2005 டிசம்பரிலிருந்து ஒரு பங்காளி. பிரின்ஸ்டன் ஓடி ஒதுங்கிய அதே உலோகத்தை இம்முறை சுற்றிலும் நிறுத்திவைத்துக்கொண்டு, அதை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் வைத்தியத்துக்கு இப்போது இவ்வளவு மதிப்பு ஏற்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

டோக்கமாக்கில் காந்தப்புலக் கோடுகள் வளையத்தைச் சுற்றிச் சுருளாக ஓடுகின்றன. ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான முறை சுற்றினால் அது ஒரு மெல்லிய மேற்பரப்பை மூடிவிடும். அதற்குள் இன்னொரு மேற்பரப்பு, அதற்குள் இன்னொன்று, நடுவில் அச்சு வரைக்கும். மின்னேற்றமுள்ள துகள் கோட்டை ஒட்டியே ஓடும். ஒரு மேற்பரப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவவேண்டுமானால் இன்னொரு துகளோடு மோதவேண்டும், அல்லது கொந்தளிப்பில் அகப்படவேண்டும். வெப்பம் வெளியேறாமல் நிற்பது இந்த அடுக்கு ஒழுங்கினால்தான். எழுபது ஆண்டு உழைப்பு பெரும்பாலும் இந்த ஒழுங்கைக் கட்டுவதற்கும் காப்பதற்குமே போயிருக்கிறது. ஆனால் வெப்பத்தை இறுகப் பிடிக்கும் ஒழுங்கு, உள்ளே வந்த மாசையும் இறுகப் பிடிக்கிறது. எரிபொருளின் அடர்த்தி நடுவில் கூடுதலாக இருக்கும்போது, மோதல்களின் கணக்கு பாரமான அயன்களை நடுவை நோக்கியே தள்ளுகிறது. பிடிப்பு நன்றாக அமைந்த பிளாஸ்மாக்களில் மாசு குவிவது அடிக்கடி கண்ட சங்கதி.

அப்படியானால் ஓரத்தில் மட்டும் ஒழுங்கைக் கலைத்துவிட்டால்?

கலைப்பது எப்படி என்பதற்கு முதலில் ஒரு கணக்கு வேண்டும். சில மேற்பரப்புகளில் கோடு, வளையத்தை மூன்று முறையோ நான்கு முறையோ சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே சரியாக வந்து சேர்கிறது. வெளியிலிருந்து ஒரு சிறு புலத்தை அதே தாளத்தில் கொடுத்தால் அந்த மேற்பரப்பு கிழிந்து, குறுக்குவெட்டில் பார்க்கும்போது சங்கிலியாகத் தீவுகள் தோன்றும். புலத்தைக் கூட்டினால் தீவுகள் பருக்கும். பக்கத்துச் சங்கிலித் தீவோடு முட்டிக்கொள்ளும் அளவுக்குப் பருத்ததும் இடையிலிருந்த மேற்பரப்புகள் அழிந்து, கோடுகள் திசைகெட்டு அலையத் தொடங்கும். இந்த முட்டல் விதியைச் சோவியத் பௌதிகவியலாளர் பொரிஸ் சிரிக்கோவ் 1959இல் சொன்னார். காந்த மேற்பரப்புகளுக்கு அதைப் பொருத்திக்காட்டிய புகழ்பெற்ற கட்டுரை 1966இல் வந்தது. எழுதியவர்கள் அமெரிக்கரான ரோசன்புளூத், சோவியத் நாட்டவரான சக்தேயெவ், சஸ்லாவ்ஸ்கி, ஆங்கிலேயரான டெய்லர். பனிப்போரின் நடுவே இப்படியொரு கூட்டு. அப்துஸ் சலாம் இத்தாலியின் திரியெஸ்தெ நகரில் 1964இல் தொடங்கிய மையம் அக்காலத்தில் இரு பக்கத்துப் பிளாஸ்மா அறிஞர்களையும் ஒரே கூரையின்கீழ் மாதக்கணக்கில் உட்காரவைத்தது. வறிய நாடுகளின் விஞ்ஞானிகளுக்காகச் சலாம் கட்டிய இடம் வல்லரசுகளுக்கும் தேவைப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இதைப் படித்துப் புரிந்துகொள்வதை விட வரைந்து பார்ப்பது நல்லது. யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் உயர்தரக் கணிதம் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பழைய மடிக்கணினி போதும். இரண்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒன்று கோணம், மற்றது உயரம். கோணத்தின் சைனை ‘கே’ என்ற மாறிலியால் பெருக்கி உயரத்தோடு கூட்டுங்கள். கிடைக்கும் புதிய உயரத்தைக் கோணத்தோடு கூட்டுங்கள். ஆரையன் கணக்கில் இரண்டு பையைத் தாண்டினால் இரண்டு பையைக் கழித்துவிடுங்கள். வந்த புள்ளியைக் குறியுங்கள். இதையே ஓராயிரம் முறை செய்யுங்கள். பிறகு வேறொரு புள்ளியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு முறை கணிப்பதும் புலக்கோட்டோடு வளையத்தை ஒருமுறை சுற்றிவந்து தாளில் பேனாவால் குத்துவதற்குச் சமம். கே பூச்சியமானால் குறுக்கே நேர்கோடுகள் மட்டும். 0.3 என்று வையுங்கள்: கோடுகள் நெளியும், இடையிடையே முட்டை வடிவத் தீவுகள் திறக்கும். 0.9 இல் தீவுகளைச் சுற்றிப் புள்ளிகள் தூசியாகச் சிதறும், ஆனாலும் தாளின் மேலிருந்து கீழே போக வழியிருக்காது. நெளிந்த கோடு ஒன்றாவது இன்னும் குறுக்கே மறித்து நிற்கும். 0.9716 ஐத் தாண்டியதும் அந்தக் கடைசிக் கோடும் அறுந்துவிடுகிறது. இந்த எண்ணை 1979இல் ஜோன் கிரீன் நுணுக்கமாகக் கண்டார். 2 என்று வைத்தால் தாள் முழுவதும் புள்ளிமயம், அதற்குள் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு தீவுகள்.

ஒரு விதியும் தவறாமல், தற்செயல் எதுவும் கலக்காமல், இப்படிக் குழம்பிய ஓட்டம் பிறப்பதைத்தான் கேயாஸ் என்கிறோம். தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு ஆழமான வேர் இருக்கிறது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மு. லட்சுமணன் இதற்கென்றே ஒரு பரம்பரையை உருவாக்கினார். அவரும் முரளியும் சுவாவும் 1994இல் வெளியிட்ட எளிய மின்சுற்று கேயாஸ் ஆய்வுகூடங்களில் உலகெங்கும் பயன்படுகிறது. சில மின்னுறுப்புகளை ஒட்டவைத்தால் திரையில் கேயாஸைப் பார்த்துவிடலாம்.

காந்தப் புலத்தில் கேயாஸை வேண்டுமென்றே வரவழைத்து ஓரத்தை மட்டும் கலைக்கலாம் என்ற யோசனை 1970களின் கடைசியிலும் 1980களின் தொடக்கத்திலும் ஜெர்மன் ஆய்வாளர்களிடம் முதிர்ந்தது. அமெரிக்காவில் ஒஸ்ரினிலிருந்த டெக்ஸ்ட் இயந்திரத்தில் அதைச் செய்து பார்த்தார்கள். பிரான்சின் கடராஷ் ஆய்வகத்தில் தோர் சுப்ரா டோக்கமாக் 1988இல் எழுந்தபோது ஆறு சுருள்களை வெற்றிட அறைக்குள்ளேயே பொருத்தினார்கள். ஜெர்மனியின் யூலிக் நகர டெக்ஸ்டர் இயந்திரம் இன்னும் ஒரு படி மேலே போனது: உட்பக்கச் சுவரில் 16 சுருள்கள் சாய்வாகச் சுற்றப்பட்டு, அவற்றில் மாறுமின்னோட்டம் செலுத்தப்பட்டு, கலைந்த பகுதியையே செக்கனுக்குப் பத்தாயிரம் முறை வரை சுழலவைக்க முடிந்தது. ஒரே இடத்தில் வெப்பம் விழுந்து சுவர் கருகாமலிருக்க அந்த ஏற்பாடு.

ஆனால் மாசைத் தடுப்பதில் மிகத் தெளிவான சாட்சி டோக்கமாக்கிலிருந்து வரவில்லை. ஜப்பானின் தோக்கி நகரில் 1998 மார்ச் 31இல் முதல் பிளாஸ்மா கண்ட எல்எச்டி என்ற பெரிய சுருளி இயந்திரத்திலிருந்து வந்தது. அதில் பிளாஸ்மாவுக்குள் மின்னோட்டம் செலுத்தத் தேவையில்லை; இரண்டு மீக்கடத்திச் சுருள்கள் முறுகி ஓடிப் புலத்தைக் கட்டுகின்றன. அந்த முறுக்கின் காரணமாகவே ஓரத்தில் ஒரு குழம்பிய படை இயல்பாக அமைந்துவிடுகிறது. சில கோடுகள் சில மீற்றர் ஓடிச் சுவரைத் தொடும். பக்கத்திலேயே தொடங்கும் இன்னொரு கோடு கிலோமீற்றர் கணக்கில் அலைந்துவிட்டுத்தான் தொடும்.

அங்கே அவர்கள் காபனை அளந்த முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் முழு வாதமும் அதில்தான் நிற்கிறது. டைவர்ட்டரின் காரீயத்திலிருந்து பெயர்ந்த காபன் அணு உள்நோக்கிப் போகும்போது இலத்திரன்களை ஒவ்வொன்றாக இழக்கிறது. முதல் நான்கையும் பறிப்பது எளிது; நான்காவதற்கு 64.5 இலத்திரன்வோற்று போதும், ஓரத்துச் சூடே அதைச் செய்துவிடும். ஐந்தாவதைப் பறிக்க 392 இலத்திரன்வோற்று வேண்டும். ஆகவே இரண்டு மூன்று இலத்திரன்களை இழந்த காபனின் ஒளி வந்தால் அது வெளி விளிம்பில் நிற்கிறது. நான்கு ஐந்து இழந்த காபனின் ஒளி வந்தால் அது படையைக் கடந்து உள்வாசலுக்கு வந்துவிட்டது. முதல் வகை ஒளி, எவ்வளவு மாசு பிறக்கிறது என்பதன் அளவு. இரண்டாம் வகை, எவ்வளவு உள்ளே நுழைந்தது என்பதன் அளவு. எல்எச்டியில் பிளாஸ்மாவின் அடர்த்தியைக் கூட்டக் கூட்ட முதல் வகை ஒளி ஏறியது, இரண்டாம் வகை இறங்கியது. மாசு முன்னிலும் கூடுதலாகப் பிறந்தும் முன்னிலும் குறைவாகவே உள்ளே போனது. சுவர் சுத்தமாகிவிட்டது என்று சொல்லி இதைத் தட்டிக்கழிக்க வழியில்லை. இடையில் நிற்கும் குழம்பிய படை மறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

எப்படித் திருப்பியது என்பதை விளக்க, வலிகாமத்துக்காரருக்கு நன்கு தெரிந்த ஒன்றையே எடுக்கிறேன். எங்கள் சண்டிலிப்பாய்க்கு ஆற்று வளம் இல்லை. மழைக்காலத்தில் ஓடி அராலிப் பக்கம் கடனீரேரியில் விழும் வழுக்கையாறு ஒன்றுதான். வெங்காயமும் புகையிலையும் விளைவது சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரால். அந்த நன்னீர், கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு, பாறை வெடிப்புகள் வழியே எந்நேரமும் கடலை நோக்கிக் கசிகிறது. கசியும் வேகம் இருக்கும்வரை சவர் பின்வாங்கி நிற்கும். மாரி பொய்த்து, மெசினை இரவு பகலாக ஓடவிட்டு இறைத்தால் நன்னீரின் தள்ளல் தளர்ந்து, கீழிருந்து சவர் ஏறிவிடும். சவரை நிறுத்திவைத்திருப்பது சுவரோ கதவோ அல்ல, வெளிநோக்கிய ஓட்டம். பிளாஸ்மாவின் ஓரத்திலும் அப்படித்தான். எரிபொருள் அயன்கள் புலக்கோட்டின் வழியே சுவரை நோக்கி ஓடுகின்றன. வழியில் மாசு அயன்களோடு உரசி அவற்றையும் வெளியே இழுத்துப் போகின்றன. எதிர்ப்பக்கம் இழுப்பது வெப்பம்: கோட்டின் நெடுகிலும் ஒரு முனை சூடாகவும் மறு முனை குளிர்ந்தும் இருந்தால் மாசு அயன்கள் சூடான முனையை, அதாவது உள்ளேயுள்ள முனையை நோக்கித் தள்ளப்படும். மின்னேற்றத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இந்தத் தள்ளல் கூடும் என்பதால் பாரமான மாசு விஷயத்தில்தான் இது பேராபத்து.

எது வெல்லும் என்பதை அடர்த்தியும் குழம்பிய புலமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அடர்த்தி கூடினால் உரசல் கூடும். குழம்பிய படையில் கோடுகள் மிக நீளமானவை. ஒரு கோட்டுக்கு அடுத்தே வேறெங்கிருந்தோ வந்த கோடு கிடக்கும். வெப்பம் ஒரே கோட்டின் வழியே ஓடாமல் பக்கத்துக் கோடுகளுக்குக் கசிந்து பரவிவிடுகிறது. எனவே கோட்டின் நெடுகிலும் இருக்கவேண்டிய வெப்பநிலைச் சரிவு தணிந்துபோகிறது. உள்ளே இழுக்கும் விசையும் தணிகிறது. வெளியே தள்ளும் விசை கூடி, உள்ளே இழுப்பது குறைந்தால் முடிவு தெரிந்ததுதான்.

இன்னொரு விசையும் இருக்கிறது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் அழகாகப் படுகிறது. தியூத்தீரியக் கரு இலத்திரனை விட ஏறத்தாழ 3670 மடங்கு பாரமானது. ஒரே வெப்பநிலையில் இலத்திரன் அதைவிட 60 மடங்கு வேகமாக ஓடும். ஒழுங்கான மேற்பரப்பில் இந்த வேகத்தால் பயனில்லை. ஓடி ஓடி அதே மேற்பரப்பிலேயே நிற்கும். கோடுகள் உள்ளிருந்து வெளியே அலையும் இடத்தில் இலத்திரன்கள் முந்திக்கொண்டு வெளியேறப் பார்க்கும். அவை போன இடத்தில் நேர்மின்னேற்றம் மிஞ்சும். உடனே ஒரு மின்புலம் எழுந்து, இலத்திரன்களைப் பின்னால் இழுத்து, அயன்களை வெளியே தள்ளி, இரு தரப்பையும் சம வேகத்தில் போகவைக்கும். வெளிநோக்கிய இந்த மின்புலம் மாசு அயனையும் தள்ளும். அதுவும் அதன் மின்னேற்றத்துக்கு ஏற்ப. 20 இலத்திரன்களை இழந்த இரும்பு அயனுக்கு எரிபொருள் அயனைப் போல் 20 மடங்கு தள்ளல். வழக்கமான ஒழுங்குள்ள பிளாஸ்மாவில் இந்த மின்புலம் பெரும்பாலும் உள்நோக்கியே அமைந்து, பாரமானதையே பலமாக உள்ளே இழுக்கும். கலைந்த ஓரத்தில் குறி மாறிவிடுகிறது. தோர் சுப்ராவிலும் டெக்ஸ்டரிலும் எல்எச்டியிலும் ஓரத்து மின்புலம் வெளிநோக்கித் திரும்பியதை அளந்திருக்கிறார்கள். ஓர் அயன் எவ்வளவு கேடானதோ அவ்வளவு பலமாக அதை வெளியே தள்ளும் பொறிமுறையை இயற்கையே கையில் தருகிறது.

அப்படியானால் நடுவரைக்கும் கலைத்துவிட்டால் என்ன என்று கேட்கக்கூடாது. அதே வேகமான இலத்திரன்கள்தான் வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. குழம்பிய கோடுகளின் வழியே எவ்வளவு வெப்பம் ஒழுகும் என்பதை 1978இல் றெச்செஸ்டரும் ரோசன்புளூத்தும் கணித்துக்காட்டினார்கள். கோடு கொஞ்சம் அலைந்தாலே இழப்பு பல மடங்காகிவிடும். நடுவில் மேற்பரப்புகள் பத்திரமாக இருக்கவேண்டும், ஓரத்தில் சில சென்ரிமீற்றருக்கு மட்டும் கலையவேண்டும். அந்த எல்லையை எங்கே வரைவது என்பதே பொறியியலாளரின் தலையிடி.

எல்லையை வரையவிடாமல் பிளாஸ்மாவே குறுக்கே நிற்பது இன்னொரு சிக்கல். வெறும் வெற்றிடத்தில் சுருள்கள் தரும் புலத்தைக் கணித்தால் அழகான குழம்பிய படை கிடைக்கும். அந்த இடத்தில் சுழலும் பிளாஸ்மாவை வைத்ததும் அது தனக்குள் மின்னோட்டங்களை எழுப்பி, வெளியிலிருந்து வரும் புலத்தை மறைத்துவிடப் பார்க்கும். தீவுகள் கணித்த அளவுக்குத் திறக்காமல் போகலாம். வெற்றிடக் கணக்கைக் காட்டி ‘இங்கே கேயாஸ்’ என்று படம் போடும் கட்டுரைகள் ஏராளம். பிளாஸ்மாவின் பதிலையும் சேர்த்துக் கணித்தவற்றைத்தான் நான் நம்புவேன். எல்எச்டியின் சாட்சியை மேலே வைத்ததற்கும் இது ஒரு காரணம். அங்கே படையைப் பிரதான சுருள்களே கட்டுகின்றன; மறைப்பது அவ்வளவு எளிதல்ல.

டோக்கமாக் உலகில் இந்தச் சுருள்கள் இன்று பரவியிருப்பதற்கு மாசு முதற் காரணமல்ல. 1982இல் ஜெர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட உயர்பிடிப்பு நிலையில் பிளாஸ்மாவின் விளிம்பு அடிக்கடி வெடித்துச் சக்தியைச் சுவரில் கொட்டும். பெரிய இயந்திரத்தில் அந்த அடியைத் தங்குதன் தாங்காது. அமெரிக்காவில் சான் டியேகோ நகரின் டிஐஐஐ-டி இயந்திரத்தில் ரொட் இவான்ஸ் குழுவினர் சுவருக்குள்ளிருந்த சுருள்களால் ஓரப் புலத்தை இலேசாகக் குலைத்து, பெரிய வெடிப்புகளை அடக்கிக்காட்டி 2004இல் வெளியிட்டார்கள். நடுவின் பிடிப்பு கெடவில்லை. ஆனால் அந்த வெடிப்புகளுக்கு ஒரு நன்மையும் உண்டு: ஒவ்வொரு வெடிப்பும் ஓரத்தில் சேர்ந்த மாசை அள்ளிக்கொண்டு போகும். வெடிப்பை நிறுத்தினால் அந்த வேலையை வேறு யாராவது பார்க்கவேண்டும். குலைந்த புலம் அதையும் ஓரளவு பார்க்கிறது. சுருளுக்கு மின்னோட்டம் கொடுத்ததும் ஓரத்துத் துகள்கள் வெளியே வடிவது பல இயந்திரங்களில் கண்டது. அதில் எரிபொருளும் சேர்ந்து வடிந்துவிடும் என்பதால் அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்தால், எல்எச்டியில் காபனைத் தடுத்த உரசல் இங்கே தளர்ந்துபோகும். இந்த இழுபறியை எங்கே நிறுத்தினால் இரண்டும் கிடைக்கும் என்பதைத் தேடித்தான் ஈட்டருக்குள் வரிசைக்கு 9 ஆக மூன்று வரிசையில் 27 சுருள்களை வைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மின்னோட்டத்தை மாற்றலாம். கலைக்கும் ஆழத்தையும் தாளத்தையும் இயக்கும்போதே திருத்தலாம்.

ஆதித்யாவையும் சும்மா விடவில்லை. அதைப் பிரித்துக் கட்டி, டைவர்ட்டர் அமைப்புக்கு இடம் கொடுத்து, 2016 டிசம்பரில் புதிய உருவில் பிளாஸ்மா எடுத்தார்கள். பக்கத்திலேயே மீக்கடத்திக் காந்தங்களுடன் எஸ்எஸ்டி-1 நிற்கிறது. இந்த நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய பிரதிமன் கிருஷ்ண காவ் 2017இல் காலமானார். பிரின்ஸ்டனில் நல்ல இடத்தில் இருந்தவர், 1982இல் அதை விட்டு நாடு திரும்பினார். இல்லாவிட்டால் நம் கடலுக்கு இந்தப் பக்கம் மாசைப் பற்றி அளந்து பேச ஓர் இயந்திரம் கிடைத்திருக்குமோ தெரியாது. நம் தீவில் டோக்கமாக் கிடையாது. ஆனால் பிளாஸ்மாவின் பதிலைச் சேர்த்துக் கணிக்கும் வேலைக்கு இயந்திரம் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. மேலே சொன்ன கோணமும் உயரமும் வைத்த கணக்கில் தொடங்கிய பிள்ளை அங்கே போய்ச் சேரலாம்.

தங்குதனையும் இரும்பையும் ஓரத்தில் மறித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து வராத ஒரு மாசு மிச்சமிருக்கிறது. இணைவு நடக்கும் ஒவ்வொரு முறையும் பிளாஸ்மாவின் நடுவிலேயே ஓர் ஈலியக் கரு பிறக்கிறது. 3.5 மெகா இலத்திரன்வோற்று சக்தியோடு பிறந்து, அதைப் பிளாஸ்மாவுக்குக் கொடுத்துச் சூட்டைக் காத்தபின், அது வெறும் சாம்பல். அகற்றாவிட்டால் சேர்ந்து சேர்ந்து எரிபொருளின் இடத்தைப் பிடிக்கும். ஈலியத்தின் மின்னேற்றம் இரண்டு மட்டுமே. வெளிநோக்கிய மின்புலம் இரும்பைத் தள்ளுவது போல் அதைத் தள்ளாது. வெளியே போன ஈலியம் சுவரில் பட்டு அணுவாகித் திரும்பினாலோ, முதல் இலத்திரனைப் பறிக்கவே 24.6 இலத்திரன்வோற்று வேண்டியிருப்பதால், அயனாவதற்கு முன்பே மற்ற மாசுகளை விட ஆழமாக உள்ளே நுழைந்துவிடும். குழம்பிய படை அதைப் பிடிப்பதற்குள் படையைத் தாண்டியிருக்கும். ஆகவே ஈலியத்தைத் திருப்பி அனுப்பினால் போதாது, டைவர்ட்டரின் அடியில் பம்புகளால் உறிஞ்சி வெளியே எடுத்துவிட வேண்டும். அந்தப் பம்புகளின் வேலை அடுத்த அத்தியாயத்தில்.